மலைவீட்டு அடுப்பிலிருந்து விற்பனைக்கு: ஜாம், ஊறுகாய், சாக்லேட் செய்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

குன்னூர் வீட்டு அலமாரியில் மூன்று மாதம் அப்படியே இருந்த ஊறுகாய் பாட்டில், மேட்டுப்பாளையம் இறங்கிய மூன்றாம் நாள் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கலாம். மலைக்குளிர் பல தப்புகளை மறைத்து வைக்கும். கீழே போனதும் அவை வெளியே வரும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வீட்டில் செய்து விற்கிறவர்களிடம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கீழே போகிறவர்கள்தான். எனவே இங்கே விதிகளைப் படிக்கும்போது இரண்டு ஊர்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: பண்டம் செய்கிற ஊர், அதைத் திறந்து சாப்பிடுகிற ஊர்.

முதலில் சட்டம். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் உணவுத் தொழிலை "லாபத்துக்காகவோ இல்லாமலோ" நடத்துவது என்றே வரையறுக்கிறது. "தெரிஞ்சவங்களுக்கு மட்டும் தர்றோம்", "அசல் விலைக்குத்தான் குடுக்கிறோம்" என்பதெல்லாம் விலக்கு ஆகாது. காசு வாங்கிக்கொண்டு தொடர்ந்து கொடுத்தால் அது தொழில். ஹோம்ஸ்டே நடத்தி, தங்குகிறவர்களுக்குச் சாப்பாடு போடுகிறவர்களும் இதற்குள் வருவார்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை.

சிறிய அளவில் செய்கிறவர்களுக்கு உரிமம் வேண்டியதில்லை, பதிவு போதும். 2011-ஆம் ஆண்டு விதிமுறைகள் இதற்கு முதலில் வைத்த வரம்பு ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்; பதியுமுன் இப்போதைய வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இது விற்பனைத் தொகை, லாபம் அல்ல. மாதம் ஒரு லட்சம், நாளுக்குச் சுமார் 3,300 ரூபாய். ஏப்ரல், மே சீசனில் நாளுக்குப் பத்தாயிரத்துக்கு விற்றாலும் ஜூலை மழையில் கடை காலியாகக் கிடக்கும். ஆண்டுக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். அதே விதிமுறை சிறு உற்பத்திக்கு நாளொன்றுக்கு 100 கிலோ அல்லது 100 லிட்டர் என்ற அளவையும் சொல்கிறது. பாலுக்கும் இறைச்சிக்கும் கணக்கு வேறு.

பதிவுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) ஃபாஸ்காஸ் இணையதளத்தில் படிவம் 'ஏ' நிரப்ப வேண்டும். ஒரு புகைப்படம், ஆதார் போன்ற அடையாளச் சான்று, சமையல் நடக்கும் வீட்டின் முகவரி. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படிவம் கேட்காவிட்டாலும் பின்னால் அவர் மனம் மாறினால் கைகொடுக்கும். 2011 விதிமுறைகள் வைத்த கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். இந்த வேலைக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிற இடைத்தரகர்கள் உண்டு. இ-சேவை மையத்தில் உட்கார்ந்து நீங்களே முடிக்கக்கூடிய வேலை இது. விண்ணப்பித்த 7 நாளுக்குள் அதிகாரி பதிவு தரலாம், காரணம் எழுதி மறுக்கலாம், அல்லது வீட்டைப் பார்வையிட வருவதாக அறிவிக்கலாம். பார்வையிடுவதென்றால் 30 நாளுக்குள் முடிவு வர வேண்டும்.

வரும் எண் 14 இலக்கம். பதிவென்றால் 2-இல் தொடங்கும், உரிமமென்றால் 1-இல். அந்த எண் உங்கள் பெயருக்கு மட்டுமல்ல, அந்த வீட்டுக்கும் சேர்த்துத் தரப்படுவது. மகளிர் குழுவில் மூன்று பேர் மூன்று வீடுகளில் வர்க்கி சுட்டால் மூன்று பதிவு வேண்டும். ஒருவர் எண்ணை மற்றவர் ஒட்டக் கூடாது. வீடு மாறினால் பழைய எண் கூடவே வராது. படிவத்தில் தொழில் வகையைத் தேர்ந்தெடுக்கும்போது நிதானமாகப் பாருங்கள். சாப்பாடு செய்து கொடுப்பது வேறு, பாட்டிலில் அடைத்துக் கடைக்குப் போடும் உற்பத்தி வேறு, மொத்தமாக வாங்கிய தேனையோ தேயிலையையோ சிறு பொட்டலமாக்கி விற்பது வேறு. சாப்பாட்டு வகையில் பதிந்துவிட்டு ஜாம் விற்றால் எண் இருந்தும் இல்லாத கதைதான்.

அதிகாரி வந்தால் விதிமுறைகளின் நான்காம் அட்டவணையை வைத்துத்தான் பார்ப்பார். பெரிய தொழிற்சாலையை எதிர்பார்த்து வரமாட்டார். கழுவக்கூடிய தரை, ஜன்னலில் வலை, மூடியுள்ள குப்பைக்கூடை, கைகழுவச் சோப்பும் தண்ணீரும், தரையில் படாமல் தூக்கி வைத்த மாவும் சர்க்கரையும், சமையலறைக்குள் நேராகத் திறக்காத கழிப்பறைக் கதவு, நடமாடாத நாய் பூனை. மழைக்காலத்தில் மலைவீட்டுச் சுவரில் படரும் கரும்பூஞ்சையை இங்கே யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் அந்தச் சுவரோரம் ஆறவைத்த ஜாமில் விழும் பூஞ்சை அங்கிருந்தே வரும். சமைக்கிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்து சான்று வைத்திருக்க வேண்டும், டைபாய்டு வகைக் காய்ச்சல்களுக்கான தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு இருக்கிற நாளில் ஆர்டர் எவ்வளவு பெரியதானாலும் அடுப்படிக்குப் போகக் கூடாது.

தண்ணீர் இங்கே தனிக் கதை. பல வீடுகளுக்கு ஊற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ குழாய் வருகிறது. பார்க்கக் கண்ணாடிபோல் இருக்கும், மேலே எந்த வீட்டுக் கழிவுக்குழி இருக்கிறதென்று தெரியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்து, கோலிஃபார்ம் கிருமி உண்டா என்று பாருங்கள். மழை தொடங்கிய பிறகு எடுக்கும் மாதிரிதான் உண்மையைச் சொல்லும்.

கேஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும். விற்பனைக்குச் செய்வது வணிகம், அதற்கு 19 கிலோ நீல சிலிண்டர். டிசம்பர், ஜனவரிப் பனியில் சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் குறைந்தால் சுடர் சோம்பலாக எரியும். அதற்காகச் சிலிண்டரை வெந்நீரில் வைக்கிறவர்கள் உண்டு. ஆபத்தான வேலை, செய்யாதீர்கள்.

இனி ஜாம். மலையில் அதிகம் பேர் தோற்கிற இடம் இது, அதனால் சற்று நின்று பார்க்கலாம்.

ஜாம் என்று எழுதி விற்க வேண்டுமானால் அதில் கரைந்த திடப்பொருள் (பெரும்பாலும் சர்க்கரை) எடையில் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, பழம் 45 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஸ்ட்ராபெர்ரிக்கும் ராஸ்ப்பெர்ரிக்கும் மட்டும் 25 சதவீதம் போதும். அந்த 65 வெறும் சட்ட எண் அல்ல. அதற்குக் கீழே ஜாமில் ஈரம் மிஞ்சும், பூஞ்சை வரும். வெகுவாக மேலே போனால் சர்க்கரை மணலாகப் படியும்.

சமையல் குறிப்புகள் "105 டிகிரி வந்ததும் இறக்குங்கள்" என்று சொல்லும். அது கடல்மட்டத்துக்கு எழுதியது. உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீரே ஏறக்குறைய 92.5 டிகிரியில் கொதித்துவிடும். கொடைக்கானலில் 93-ஐ ஒட்டி, குன்னூரில் 94-ஐ ஒட்டி. ஜாம் பதம் என்பது தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைவிட 4 முதல் 5 டிகிரி கூட. ஆக ஊட்டியில் 97 டிகிரி வாக்கில் பதம் வந்துவிடுகிறது. 105 வரட்டும் என்று காத்திருந்தால் கரண்டியில் தூக்க முடியாத கம்மர்கட்டுதான் கிடைக்கும். வெப்பமானியை முதலில் கொதிக்கும் வெறும் தண்ணீரில் விட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு 4.5 கூட்டினால் உங்கள் வீட்டு எண் கிடைக்கும். வெப்பமானி கொஞ்சம் தப்பாகக் காட்டினாலும் இந்த முறையில் அது கழிந்துவிடும்.

வெப்பமானியே இல்லாமல் தராசை வைத்தும் பதம் பார்க்கலாம், மலை உயரம் இதைத் தொடாது. 1 கிலோ ஸ்ட்ராபெர்ரியில் திடப்பொருள் சுமார் 80 கிராம். 900 கிராம் சர்க்கரை சேர்த்தால் மொத்தம் 980 கிராம். இது 65 சதவீதமாக இருக்க, ஜாமின் மொத்த எடை 980-ஐ 0.65-ஆல் வகுத்தது, அதாவது சுமார் 1,508 கிராம். கொஞ்சம் பாதுகாப்புக்காக 1,450-இல் நிறுத்தினால் 67 சதவீதத்தைத் தாண்டிவிடும். காலிப் பாத்திரத்தை முதலில் எடை போட்டு, அடியில் சாக்பீஸால் எழுதாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். காய்ச்சக் காய்ச்ச இறக்கி எடை பாருங்கள். மழைக்காலப் பழத்தில் தண்ணீர் அதிகம் என்பதால் அது காய இன்னும் நேரம் பிடிக்கும், ஆனால் நிறுத்தும் எடையில் பெரிய வித்தியாசம் வராது. மாதம் பத்துக் கிலோவுக்கு மேல் செய்கிறவர்கள் இந்தச் சதவீதத்தைக் காட்டும் பிரிக்ஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுவது நல்லது. ஜாமைக் குளிரவைத்து ஒரு சொட்டு விட்டால் எண் தெரியும்.

அதே உயரம் பாட்டிலையும் பாதிக்கும். 92 டிகிரித் தண்ணீர் 100 டிகிரித் தண்ணீர் செய்யும் வேலையைச் செய்யாது. சீல் செய்த ஜாம் பாட்டிலை வெந்நீரில் மூழ்கவைத்துப் பதப்படுத்த, கடல்மட்டத்தில் 5 நிமிடம் என்றால் 6,000 அடிக்கு மேல் 15 நிமிடம் வைக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல், குன்னூர் மூன்றும் அதற்குள் அடங்கும். காலைக் குளிரில் ஜில்லென்றிருக்கும் பாட்டிலில் கொதிக்கும் ஜாமை ஊற்றினால் அடி விரியும். பாட்டிலும் சூடாக இருக்கட்டும்.

ஊறுகாயில் அபாயம் வேறு மாதிரி. மாங்காய், எலுமிச்சைக்குத் தம் புளிப்பே காவல். பூண்டு, காளான், கேரட், பீன்ஸ் எல்லாம் புளிப்பில்லாதவை. இவற்றை எண்ணெயில் மூழ்கவைத்தால் காற்று போகாது, காற்றில்லாத இடத்தில் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து முளைத்து நஞ்சு உண்டாக்கும். அந்த நஞ்சுக்கு வாடையும் இல்லை, ருசியும் இல்லை. வித்தைக் கொல்ல 121 டிகிரி வேண்டும், திறந்த பாத்திரத்தில் 92 டிகிரிக்கு மேல் போகாத ஊரில் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது சாகாது. தடுப்பு ஒன்றுதான், புளிப்பை ஏற்றுவது. புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்குக் கீழே, பாதுகாப்புக்கு 4.2-க்குக் கீழே இருக்கட்டும். ஊறுகாய் ஆறி இரண்டு நாள் ஊறிய பிறகு, பூண்டுப் பல்லை நசுக்கி அதன் நடுப்பகுதியின் பி.எச். பாருங்கள். மசாலாவை மட்டும் அளந்தால் ஏமாறுவீர்கள். வினிகர் ஊறுகாய் என்று பெயர் போட்டால் அசெட்டிக் அமிலமாக 2 சதவீதம் இருக்க வேண்டும். எண்ணெய் ஊறுகாயில் மேலே அரை சென்டிமீட்டர் எண்ணெய் நிற்க வேண்டும். வினிகர் இல்லாத வெறும் பூண்டு எண்ணெயை, காளான் எண்ணெயை வீட்டில் செய்து விற்கவே வேண்டாம்.

சாக்லேட்டுக்கு மலையில் இருக்கிற பெயர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் 'ஹோம்மேட்' என்று விற்பதில் பெரும்பகுதி கட்டியாக வாங்கிய காம்பவுண்டை உருக்கி அச்சில் ஊற்றியது. அதில் தப்பில்லை. கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு இருப்பதை மறைத்துச் சாக்லேட் என்று மட்டும் எழுதுவதுதான் தப்பு. கட்டியின் உறையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே உங்கள் பொருள் பட்டியலில் கொண்டுவாருங்கள். 2022 ஜனவரி முதல் கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால் அந்த உறையைத் தூக்கிப் போடாமல் கோப்பில் வையுங்கள். செய்முறையில் எதிரி தண்ணீர். உருகிய சாக்லேட்டில் ஒரு சொட்டு விழுந்தாலே கட்டிக்கட்டியாகத் திரண்டுவிடும். மழை நாளில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் பிரித்தால் வியர்த்து, காய்ந்ததும் வெள்ளைப் பொடி படியும். மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரட்டும்.

வெந்த சாப்பாடு, பிரியாணி, கேக் செய்கிறவர்கள் கவனிக்க: சூடாகக் கொடுப்பது 60 டிகிரிக்கு மேலே, குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே. இடைப்பட்டது கிருமிகளின் காடு. ஊட்டிச் சமையலறை 15 டிகிரி என்றால் அது ஃபிரிட்ஜ் ஆகிவிடாது. "இங்க குளிருதே, ராத்திரி வெளியே வச்சா ஒண்ணும் ஆகாது" என்பதுதான் மலையில் அதிகம் கேட்கும் தவறு. மீண்டும் சூடாக்கினால் நடுப்பகுதி 75 டிகிரி தொடட்டும். முட்டை சேர்த்த கேக் சட்டப்படி அசைவம். பச்சை வட்டம் ஒட்டக் கூடாது, பழுப்பு முக்கோணம்தான்.

அடுத்தது லேபிள். தமிழில் மட்டும் அச்சடித்தால் போதாது, கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடவே போடலாம், போடுங்கள். மேலே சொன்ன ஜாமுக்கு லேபிள் இப்படி அமையும்: பெயர் ஸ்ட்ராபெர்ரி ஜாம். பொருட்கள், எடையில் அதிகமானது முதலில்: ஸ்ட்ராபெர்ரி, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு. சத்து விவரப் பட்டியல். சைவக் குறி. செய்தவர் பெயரும் முழு முகவரியும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னமும் 14 இலக்க எண்ணும். நிகர எடை 250 கிராம். தொகுப்பு எண் (ஒரே தடவையில் செய்த பாட்டில்களுக்கு ஒரே எண்), செய்த தேதி, காலாவதித் தேதி. திறந்தபின் குளிர்பெட்டியில் வைக்கவும். எம்.ஆர்.பி. 200 ரூபாய், அனைத்து வரிகளும் உட்பட, கிராமுக்கு 0.80 ரூபாய். புகாருக்கு ஒரு தொலைபேசி, மின்னஞ்சல். கோதுமை, பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, சோயா எது இருந்தாலும் ஒவ்வாமை எச்சரிக்கையாகத் தனியே எழுத வேண்டும். முந்திரிச் சாக்லேட் ஊற்றிய அதே பாத்திரத்தில் சாதாரணச் சாக்லேட் ஊற்றினால் அதையும் சொல்லிவிடுங்கள். ஒவ்வொன்றாகச் சுற்றிய சின்னச் சாக்லேட்டில் இடமில்லை. 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத உறைக்குப் பல விவரங்களில் விலக்கு உண்டு, ஆனால் வெளிப்பெட்டியில் அவை இருந்தாக வேண்டும். தப்பான லேபிளுக்கு அபராதம் 3 லட்சம் ரூபாய் வரை. "சர்க்கரை நோயைக் குறைக்கும்", "எடை குறையும்" போன்ற வாசகங்கள் வேண்டவே வேண்டாம், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை போகும்.

எடையும் விலையும் வேறொரு சட்டத்தின் கீழ் வருகின்றன. பொட்டலமிட்டு விற்கத் தொடங்கிய 90 நாளுக்குள் எடையளவுத் துறையில் பொட்டலமிடுபவராகப் பதிய வேண்டும், கட்டணம் 500 ரூபாய். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. விற்பனைக்கு எடைபோடும் மின்னணுத் தராசு ஆண்டுதோறும் முத்திரையிட்டதாக இருக்க வேண்டும். சமையலறைத் தராசு பதம் பார்க்க உதவும், சட்டத்துக்கு உதவாது.

காலாவதித் தேதியைப் பக்கத்துக் கடைப் பாட்டிலைப் பார்த்து எழுதாதீர்கள். ஒரே தொகுப்பில் ஆறு பாட்டிலை எடுத்து மூன்றை வீட்டிலும் மூன்றைக் கோவையிலோ மதுரையிலோ சொந்தக்காரர் வீட்டு மேஜையிலும் வையுங்கள். மாதம் ஒன்று திறந்து மணம், நிறம், வாயு, பூஞ்சை பாருங்கள். கீழே கெட்ட நாளைக் கணக்கில் கொண்டு, அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துத் தேதி போடுங்கள். 16 டிகிரி அலமாரி சொல்லும் ஆயுளை 36 டிகிரி வெயிலில் நிற்கும் காருக்குள் யாரும் காண மாட்டார்கள்.

பெயர்களிலும் பிடி இருக்கிறது. ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடைக்கானல் மலைப்பூண்டும் பழனிப் பஞ்சாமிர்தமும் 2019-இல் பெற்றவை. அந்தப் பெயர்களை லேபிளில் போட, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்திருக்க வேண்டும். கோவையில் சுட்டதை ஊட்டி வர்க்கி என்று விற்பது ஒருபுறம் இருக்கட்டும், ஊட்டியிலேயே சுட்டாலும் பதியாமல் பெயரை அச்சடித்தால் கேள்வி வரும்.

ஒயின் பற்றிப் பலர் கேட்பதுண்டு. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் செய்யும் திராட்சை ஒயினை விற்க உணவுப் பதிவு எண் உதவாது. அது 1937-ஆம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் வட்டாரம். பாட்டிலில் "ஹோம்மேட்" என்று எழுதினாலும் மது மதுதான்.

உறையிலும் கவனம் வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்க உணவு சுற்றும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, கப், கைப்பை எல்லாம் தடை. நீலகிரியில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு அதற்கு முன்பிருந்தே நடைமுறை, சோதனைச்சாவடியிலும் பார்ப்பார்கள். கண்ணாடிக் குப்பி, தகர டப்பா, பூச்சில்லாத காகிதப் பெட்டி என்று முன்பே திட்டமிட்டு விலை போடுங்கள். வர்க்கி காகிதத்தில் ஈரம் இழுக்கும், அதற்குத் தகர டப்பாதான் பொருத்தம்.

கடையில் நேரில் வாங்கிப் போகிறவர் பெங்களூருக்காரரானாலும் அது உள்ளூர் விற்பனைதான். நீங்களே பார்சலைப் பெங்களூருக்கு அனுப்பினால் அது மாநிலம் கடந்த விற்பனை. அந்தப் பொருளுக்கு வரி உண்டென்றால், விற்றுமுதல் எவ்வளவு சிறியதானாலும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். கூடலூர்க்காரர்கள் கேரள, கர்நாடக எல்லையில் இருப்பதால் இதை முதல் நாளே யோசித்துக்கொள்ள வேண்டும். கையால் எழுதித் தரும் ரசீதானாலும் அதில் 14 இலக்க எண் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு நோட்டு. ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு பக்கம்: தேதி, பழம் வாங்கிய இடம், எடைகள், நிறுத்திய எடை அல்லது வெப்பம், பி.எச்., எத்தனை பாட்டில், எந்தக் கடைக்குப் போனது. ஒவ்வொரு தொகுப்பிலும் இரண்டு பாட்டிலைக் காலாவதி முடிந்து ஒரு மாதம் வரை எடுத்து வையுங்கள். திருப்பூரிலிருந்து ஒருவர் "மூடி வீங்கியிருக்கு" என்று சொன்னால் தொகுப்பு எண்ணைக் கேட்டு, உங்களிடமுள்ள பாட்டிலைத் திறக்காமல் மூடியை விரலால் அமுக்கிப் பாருங்கள். எம்பி வந்தால் அந்தத் தொகுப்பு போன கடைகளை நோட்டில் பார்த்து அன்றே திரும்ப எடுங்கள். யாரும் ருசி பார்க்க வேண்டாம்.